பியானோ டீச்சர் ஆகாத ஷிமோமுரா

லண்டனில் 2025 ஏப்ரல் 8ஆம் தேதி பாஃப்டா வீடியோ கேம் விருது விழா நடந்தது. பிரிட்டனின் திரைக்கலை அமைப்பான பாஃப்டா வழங்கும் மரியாதைகளில் மிக உயர்ந்தது ‘ஃபெல்லோஷிப்’. வாழ்நாள் பணிக்காகத் தரப்படுவது. 1971இல் அதை முதன்முதலில் பெற்றவர் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். சில ஆண்டுகள் கழித்து சார்லி சாப்ளின் பெற்றார். அந்த வரிசையில் சென்ற ஆண்டுகளில் வீடியோ கேம் துறையினரும் இடம்பிடிக்கத் தொடங்கினர். 2025இல் இடம்பெற்றவர் 57 வயது ஜப்பானியப் பெண்மணி யோகோ ஷிமோமுரா. அவருடைய தொழில், வீடியோ கேம்களுக்கு இசையமைப்பது.

பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். அவர் இசை புதிதாக இருக்காது. தொண்ணூறுகளில் வளர்ந்தவர் என்றால் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டு இயந்திரத்தின் முன் நின்றிருப்பீர்கள். குறைந்தது வேடிக்கையாவது பார்த்திருப்பீர்கள். அதன் பெரும்பாலான இசை அவருடையது. 2021 ஜூலை 23 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் கேட்டிருப்பார்கள். அன்று நாடுகளின் அணிவகுப்பு முழுவதும் ஜப்பானிய வீடியோ கேம் இசைக்கே நடந்தது. நம் மலேசிய அணியும் அந்த இசைக்குத்தான் நடந்து வந்தது. ஒலித்தவற்றில் ஷிமோமுராவின் ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ இசையும் உண்டு.

இவ்வளவு தூரம் வந்தவருக்குத் தொடக்கத்தில் வீட்டில் கிடைத்த வரவேற்பு, நம் வீடுகளில் கேட்கும் பேச்சைப் போலவே இருந்தது.

கட்டணம் கட்டியவர்களின் கவலை

ஷிமோமுரா 1967இல் ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் பிறந்தவர். நான்கைந்து வயதிலேயே பியானோ கற்கத் தொடங்கினார். பாடத்தோடு நிற்காமல், கை போன போக்கில் வாசித்து, தானும் இசையமைப்பாளர் என்று பாவனை செய்வாராம். அப்படிச் சிறு வயதில் உருவாக்கிய முதல் மெட்டு இன்றும் தனக்கு வாசிக்கத் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். பிறகு ஒசாகா இசைக் கல்லூரியில் பியானோ படித்து 1988இல் பட்டம் பெற்றார். பியானோ ஆசிரியராக வேலையும் கிடைத்தது. நல்ல வேலை, மதிப்பான வேலை. படித்த படிப்புக்கும் பொருத்தமான வேலை.

அந்த நேரத்தில் ஒசாகாவிலிருந்த கேப்காம் என்ற கேம் நிறுவனம் இசையமைக்க ஆள் தேடியது. வீடியோ கேம் விளையாடுவதில் ஆசை கொண்டவர், விண்ணப்பித்தார். தேர்வானார். பியானோ ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தார்.

ஆசிரியர்கள், நண்பர்கள், குடும்பத்தார் எல்லாரும் அதிர்ந்துபோனார்கள். செலவு மிகுந்த இசைக் கல்லூரிக்குக் கட்டணம் கட்டிப் படிக்க வைத்த பெற்றோருக்கு, மகள் ஏன் இப்படி ஒரு வேலையை ஏற்கிறாள் என்பதே புரியவில்லை. இதை ஷிமோமுராவே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. 1988 என்பது வீடியோ கேம் இசையைப் பலரும் இசையாகவே மதிக்காத காலம். ஜப்பானில் வீடுதோறும் இருந்த நிண்டெண்டோ ஃபேமிகாம் 1983இல் வந்தது. நம் நாட்டில் ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்று விற்றதே, அது இதன் நகல்தான். அந்த இயந்திரம் ஒரே நேரத்தில் ஐந்து ஒலிகளை எழுப்பும். அந்த ஐந்துக்குள்தான் மெட்டு, தாளம், குதிக்கும் சத்தம், வெடிக்கும் சத்தம் எல்லாம் அடங்க வேண்டும். பீத்தோவன் படித்த பெண் ‘பீப் பீப்’ சத்தம் போடப் போகிறாள் என்றால் எந்த அம்மாவுக்குத்தான் மனம் ஒப்பும்?

எட்டுக் குரல்கள்

1991இல் வெளிவந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ இயந்திரத்தில் நிலைமை கொஞ்சம் மேம்பட்டிருந்தது. யமஹா சிப் ஒன்று ஒரே நேரத்தில் எட்டுக் குரல்களில் இசை எழுப்பும். பதிவு செய்த ஒலிகளுக்குத் தனியாக இன்னொரு சிப்பில் நான்கு தடங்கள். இதை வைத்துக்கொண்டு ஜப்பான், அமெரிக்கா, பிரேசில், சீனா, ரஷ்யா, இந்தியா, தாய்லாந்து, ஸ்பெயின் என எட்டு நாடுகளைக் காதில் காட்ட வேண்டும்.

அந்த இந்தியாவின் பிரதிநிதி டால்சிம். கையும் காலும் ரப்பர் போல நீளும், வாயிலிருந்து நெருப்புக் கக்கும் யோகி. பின்னால் யானைகள் வரிசையாக நிற்கும். டால்சிமின் இசையும் ஷிமோமுரா எழுதியதுதான். ஒசாகாவில் உட்கார்ந்துகொண்டு கற்பனை செய்த இந்தியா அது. நம்மவர்களுக்கு அதைக் கேட்டால் சிரிப்பும் வரும், கொஞ்சம் பெருமையும் வரும். வேறு விளையாட்டுகளில் நம் நிறத்தில் ஆளைக் காண்பது அரிதான காலம். அதனால் டால்சிமை எடுத்து விளையாடிய தமிழ்ப் பிள்ளைகள் பலர். இந்த இசையைக் குறித்து இறுதியில் இன்னொரு செய்தி சொல்ல வேண்டும்.

அமெரிக்க வீரர் கைல் என்பவருக்கு அவர் போட்ட இசை இன்னும் சுவாரசியமான கதை. ‘எந்தக் காட்சிக்கு வைத்தாலும் கைல் இசை பொருந்தும்’ என்று இணையத்தில் ஒரு வேடிக்கையே பிறந்தது. பூனை நடப்பதற்கும் அரசியல்வாதி கீழே விழுவதற்கும் அந்த இசையைப் பொருத்தி எத்தனையோ காணொளிகள் வந்தன. இன்று அதைப் பகிரும் இளைஞர்களில் பலர் அந்த விளையாட்டு வந்தபோது பிறக்கவே இல்லை.

இத்தனைக்கும் அந்தக் காலத்தில் விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் முழுப் பெயர் வராது. நிறுவனங்கள் பட்டப்பெயர்களையே போடும். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’இல் அவர் வெறும் ‘ஷிமோ-பி’.

கெட்டிமேளம் தெரிந்தவர்களுக்கு இது எளிது

சினிமாவுக்கு இசையமைப்பதற்கும் கேமுக்கு இசையமைப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்பதுண்டு. பின்னணி இசை என்ற வகையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் சினிமாவில் ஒரு காட்சி இரண்டு நிமிடம் என்றால் இரண்டு நிமிடம்தான். கதாநாயகன் எந்த நொடியில் திரும்புவான் என்பது இசையமைப்பாளருக்கு முன்கூட்டியே தெரியும். கேமில் அந்த நேரத்தைத் தீர்மானிப்பவர் விளையாடுகிறவர். ஒருவர் அரை நிமிடத்தில் தாண்டிப் போகும் இடத்தில் இன்னொருவர் ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டிருப்பார். அதுவரை இசை முடியவும் கூடாது, சலிக்கவும் கூடாது. எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தெரியாமல் சுழன்று வர வேண்டும்.

நம் திருமண வீடுகளை நினைத்துப் பாருங்கள். நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தில் இழைந்துகொண்டிருப்பார். ஐயர் மந்திரம் எவ்வளவு நேரம் நீளும் என்று அவருக்குத் தெரியாது. தவில்காரரின் ஒரு கண் மணவறை மேலேயே இருக்கும். ஐயர் கையை அசைத்து ‘கெட்டிமேளம்’ என்றதும், வாசித்துக்கொண்டிருந்தது எந்த இடத்தில் இருந்தாலும் விட்டுவிட்டு இருவரும் ஒரே பாய்ச்சலாகப் பாய்வார்கள். தாலி கட்டி முடிந்ததும் நிதானத்துக்கு இறங்குவார்கள்.

கேம் இசை செய்வதும் இதையேதான். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ சண்டையில் ஒருவருடைய உயிர்க்கோடு ஆபத்தான அளவுக்குக் குறைந்தால், அதே மெட்டு சட்டென்று வேகம் பிடிக்கும். விளையாடுகிறவருக்கு உள்ளங்கை வியர்க்கும். திரையில் எண்ணைப் பார்க்காமலே ‘இனி ஓர் அடி வாங்கினால் முடிந்தது’ என்று காது சொல்லிவிடும். தவில்காரர் மணவறையைப் பார்க்கிறார். இங்கே கணினி உயிர்க்கோட்டைப் பார்க்கிறது. எப்போது மாற வேண்டும், மாறினால் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை யோசித்து முன்கூட்டியே எழுதி வைப்பது இசையமைப்பாளரின் பொறுப்பு.

ஆசைப்பட்ட இடம் வேறு

இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் ஷிமோமுராவுக்கு மனதில் ஒரு குறை. சண்டை விளையாட்டுகளைவிட, கதை சொல்லும் கற்பனை உலக விளையாட்டுகளுக்கு, தான் படித்த செவ்வியல் பாணியில் இசை எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. கேப்காமில் அப்படி ஒரு விளையாட்டு உருவானபோது அதில் சேர முயன்றார். அவர் இருந்தது வேறு பிரிவு என்பதால் ஒரே ஒரு மெட்டு எழுதும் வாய்ப்புதான் கிடைத்தது. 1993இல் கேப்காமை விட்டு, அவ்வகை விளையாட்டுகளுக்குப் பெயர் பெற்ற ஸ்கொயர் நிறுவனத்துக்கு மாறினார்.

அங்கே முதல் பணி 1994இல் வந்த ‘லைவ் அ லைவ்’. ஆதிமனிதர் காலத்திலிருந்து விண்வெளிக் காலம் வரை, அத்தியாயத்துக்கு ஒரு யுகம் எனப் போகும் கதை. குங்ஃபூ சீனத்துக்கு ஓர் ஓசை, கௌபாய் அமெரிக்காவுக்கு ஓர் ஓசை என்று மாற்றி மாற்றி எழுத வேண்டியிருந்தது. அந்த விளையாட்டு ஓடிய சூப்பர் ஃபேமிகாம் இயந்திரத்தில் ஒலிக்கென்று இருந்த நினைவகம் 64 கிலோபைட். நம் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படமே இதைவிடப் பல மடங்கு பெரியது. எல்லா வாத்தியங்களின் ஒலியும் அதற்குள் அடங்க வேண்டும்.

அடுத்து 1996இல் ‘சூப்பர் மாரியோ ஆர்பிஜி’, 1998இல் ‘பாரசைட் ஈவ்’, 1999இல் ‘லெஜண்ட் ஆஃப் மானா’. தன்னை முழுமையாக வெளிப்படுத்தியது இந்த ‘மானா’ இசைதான் என்பது அவர் கருத்து. 2002இல் ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ வந்தது. டிஸ்னியின் டொனால்ட் டக்கும் கூஃபியும் சோரா என்ற சிறுவனோடு உலகம் உலகமாகப் பயணிக்கும் கதை. அதைத் திறந்ததும் முதல் திரையில் ‘டியர்லி பிலவ்ட்’ என்ற மெல்லிய பியானோ இசை கேட்கும். அடுத்தடுத்து வந்த பாகங்களிலும் அது புதுப்புது வடிவில் திரும்பி வந்தது. பியானோ ஆசிரியர் ஆகாதவர் எழுதிய இந்தச் சிறு இசையை, உலகெங்கும் பிள்ளைகள் பியானோ வகுப்புகளில் கேட்டு வாங்கிக் கற்கிறார்கள்.

என் வகுப்பிலும்தான். பிரிஞ்சாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் வார இறுதிகளில் கீபோர்டு சொல்லித் தருகிறேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், காய்கறித் தோட்டத்துப் பிள்ளைகள், கடைக்காரர் பிள்ளைகள் என்று கலந்து வருவார்கள். படிவம் 5 படிக்கும் மாணவன் ஒருவன் தேர்வுப் பாடங்களை அரை மனதோடு வாசிப்பான். ‘டியர்லி பிலவ்ட்’ என்றால் நேரம் போவதே தெரியாது. எஸ்பிஎம் முடித்ததும் கேமுக்கு இசையமைக்கப் படிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டான். மறுவாரம் அவன் அம்மா மாடியேறி வந்தார். தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்.

“டீச்சர், கேமுக்குப் பாட்டுப் போடறேங்கறான். இதெல்லாம் ஒரு வேலையா? நீங்களே அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

நான் ஷிமோமுராவின் கதையைச் சொன்னேன். பெற்றோர் வருந்தியதையும், பிறகு அவர் எங்கே போய் நின்றார் என்பதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த அம்மாவுக்கு மாசச் சம்பளம் இருந்துச்சா டீச்சர்?”

மாசச் சம்பளம் இருந்தது

சாதனையாளர் கதைகளில் நாம் வழக்கமாகத் தாண்டிப் போகும் இடம் இது. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளி ஆனது. அதைச் சுற்றியே வரவு செலவு பார்க்கும் குடும்பத்திடம் ‘கனவைத் துரத்து’ என்று மட்டும் சொல்வது நியாயமில்லை.

ஷிமோமுராவின் பாதையை ஆண்டு போட்டுப் பார்த்தால் விடை தெரிகிறது. 1988 முதல் 1993 வரை கேப்காமில் ஊழியர். அந்த ஐந்து ஆண்டுகளில் பதினைந்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளில் வேலை செய்தார். பிடித்ததும் வந்தது, பிடிக்காததும் வந்தது. தொழிலின் எல்லா மூலைகளையும் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றார். நிறுவனத்தின் சொந்த இசைக்குழுவான ‘ஆல்ஃப் லைலா’வில் மேடையேறி வாசித்தார். 1993 முதல் 2002 வரை ஸ்கொயரில் ஊழியர். ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ முடித்து மகப்பேறு விடுப்பில் போனவர், அதன் பிறகுதான், 2003 முதல், தனித்துத் தொழில் செய்யத் தொடங்கினார். அதற்குள் கையில் ஏறத்தாழ 15 ஆண்டு அனுபவமும், உலகறிந்த படைப்புகளும் இருந்தன. பழைய நிறுவனமே தொடர்ந்து வேலை கொடுத்தது.

அப்படி வந்த வேலைகளில் ஒன்று ‘ஃபைனல் ஃபேண்டசி 15’. 2006இல் வேறு பெயரில் அறிவிக்கப்பட்ட அந்த விளையாட்டு 2016இல்தான் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அந்த இசையை அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தது. எட்டுக் குரல் சிப்பில் தொடங்கியவருக்கு முழு வாத்தியக் குழுவே வாய்த்தது. 1996இல் எழுதிய ‘சூப்பர் மாரியோ ஆர்பிஜி’ 27 ஆண்டுகள் கழித்து 2023இல் புது வடிவம் பெற்றபோது, அதன் இசையை மீண்டும் அமைத்தவரும் அவரே.

ஆக, அவர் துணிந்து எடுத்த முடிவு ஒன்றுதான்: மதிப்பான வேலையை விட்டு மதிப்பில்லாத துறைக்குப் போனது. மற்றபடி அவர் நடந்தது நம் பெற்றோரும் ஏற்கக்கூடிய பாதைதான். முதலில் ஓர் அடிப்படைக் கல்வி. பிறகு சம்பள வேலை. பெயர் வந்த பிறகு சொந்தத் தொழில்.

நம் பிள்ளைகளுக்கு என்ன வழி?

இன்று நிலைமை 1988 போல இல்லை. கோலாலம்பூரிலேயே கேம் நிறுவனங்கள் பல இயங்குகின்றன. சோனியின் பிளேஸ்டேஷன் நிறுவனம் அங்கே ஒரு கிளை வைத்திருக்கிறது. ‘ஃபைனல் ஃபேண்டசி 15’ உருவாக்கத்தில் டோக்கியோவில் பணியாற்றிய மலேசியர் வான் ஹாஸ்மர், நாடு திரும்பி 2017இல் மெட்ரோனோமிக் என்ற நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கினார். அவர்கள் 2020இல் வெளியிட்ட ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ விளையாட்டில் இசையே ஆயுதம். நாட்டின் எம்டெக் அமைப்பு ‘லெவல் அப் கேஎல்’ என்ற கேம் துறை மாநாட்டை நடத்துகிறது. கேம் உருவாக்கத்தைப் பட்டப்படிப்பாகச் சொல்லித் தரும் கல்லூரிகளும் உண்டு.

மறுபக்கத்தையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும், சோனி பிளேஸ்டேஷன் பிரிவில் ஏறத்தாழ 900 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. இசையமைப்பாளர்கள் பலருக்கு நிரந்தர வேலை இல்லை. விளையாட்டுக்கு விளையாட்டு ஒப்பந்தம்தான். சாதாரணப் பின்னணி இசையைச் செயற்கை நுண்ணறிவே போட்டுத் தரத் தொடங்கிவிட்டது.

அதனால் ஆசைப்படும் பிள்ளைக்கு நான் சொல்வது மூன்று. முதலாவது, ஒரு வாத்தியத்தை உருப்படியாகக் கற்க வேண்டும். மென்பொருள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், காதும் விரலும் மாறாது. ஷிமோமுரா பல வகை இயந்திரங்களைத் தாண்டி வந்தார் என்றால் அடியில் இருந்தது பியானோ. இரண்டாவது, இசை எழுதப் பயன்படும் மியூஸ்ஸ்கோர், இசையை விளையாட்டுக்குள் பொருத்தும் எஃப்மோட் போன்ற மென்பொருள்களைக் கட்டணம் இல்லாமலே கற்கலாம். பெரிய செலவு செய்யும் முன் இவற்றில் ஓராண்டு உட்கார்ந்து பார்த்தால், ஆசை நிலைக்குமா என்று பிள்ளைக்கும் தெரிந்துவிடும், வீட்டுக்கும் தெரிந்துவிடும். மூன்றாவது, ஜனவரி இறுதியில் உலகெங்கும் நடக்கும் ‘குளோபல் கேம் ஜாம்’ போன்ற முகாம்கள். முன்பின் தெரியாதவர்கள் குழுவாகச் சேர்ந்து சில நாள்களிலேயே ஒரு சிறு விளையாட்டைச் செய்து முடிப்பார்கள். நிரல் எழுதவும் படம் வரையவும் ஆள் கிடைத்துவிடும். இசைக்கு ஆள் கிடைத்தால் குழுவே மகிழும்.

கூடவே ஒரு கைத்தொழிலோ பட்டமோ இருக்கட்டும் என்று பெற்றோர் கேட்டால், அதையும் பிள்ளைகள் மறுக்க வேண்டியதில்லை. கணினியோ ஒலிப்பொறியியலோ படித்துக்கொண்டே இதைச் செய்யலாம்.

டால்சிமிலிருந்து வெண்பா வரை

டால்சிம் இசை குறித்து விட்ட இடத்துக்கு வருகிறேன். 1991இல் ஒரு விளையாட்டில் இந்தியா எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை ஒசாகாவிலிருந்த 23 வயது ஜப்பானியப் பெண் முடிவு செய்தார். எங்கள் ஓசை எப்படி இருக்கும் என்று சொல்ல அந்த அறையில் நம்மவர் யாரும் இல்லை.

2023இல் ‘வெண்பா’ என்ற விளையாட்டு வெளிவந்தது. கனடாவின் டொரோண்டோவில் உள்ள ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு நிறுவனம் செய்தது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயரும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து, அம்மா இட்லி அவிப்பதும் பிரியாணி வைப்பதும்தான் விளையாட்டு. சமைக்கும்போது வானொலியில் தமிழ்ப் பாட்டு ஓடும். அந்தந்தக் காலத் தமிழ்ச் சினிமாப் பாடல் எப்படி ஒலித்ததோ, அதே மணத்தோடு புதிதாக எழுதிப் பாடிய பாடல்கள் அவை. மறு ஆண்டு அந்த விளையாட்டு சிறந்த அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதை வென்றது. ஷிமோமுராவுக்கு ஃபெல்லோஷிப் கொடுத்த அதே பாஃப்டாதான்.

அந்தப் பாடல்களை எழுத, தமிழ்ப் பாட்டு எப்படி வளர்ந்தது என்று காதறிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். இனி வரும் விளையாட்டுகளில் தைப்பூசக் காவடி வரலாம், தோட்டத்துக் கோயில் திருவிழா வரலாம், மலைச்சரிவில் தேயிலை மூடுபனியில் மறையும் காலைப்பொழுது வரலாம். அப்போது உறுமி எந்த இடத்தில் எழ வேண்டும், தவில் எந்த இடத்தில் அடங்க வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும். அது இன்று ஒரு வேலைதான். அதற்குச் சம்பளமும் உண்டு.